மருத்துவச் செயல்முறைகளில் மருந்தில்லாப் பதற்றத் தணிப்பு

மருத்துவச் செயல்முறைகளில் மருந்தில்லாப் பதற்றத் தணிப்பு என்பது அறுவை மருத்துவம், ஊசி போடுதல், உள்நோக்கிச் சோதனை, ஸ்கேன், பல் பிடுங்குதல், மகப்பேறு போன்ற நேரங்களில் நோயாளிக்கு ஏற்படும் அச்சத்தையும் படபடப்பையும் அமைதியூட்டும் மருந்துகளின் துணையின்றிக் குறைக்கும் முறைகளின் தொகுப்பு ஆகும். முன்கூட்டிய விளக்கம், சொற்களைத் தெரிந்து பேசுதல், உடனிருக்கும் துணை, கையைப் பற்றிக்கொள்ளுதல், இசை, மூச்சுப் பயிற்சி, கவனத் திருப்பம், அறிதுயில் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. இவை வலிநீக்கி மருந்துகளுக்கோ உணர்வகற்றும் மருந்துகளுக்கோ மாற்று அல்ல. பெரும்பாலும் அவற்றுடன் சேர்த்தே பயன்படுத்தப்படுகின்றன. நோயாளி விழித்த நிலையிலேயே பல அறுவைகள் இன்று நடைபெறுவதால் இத்துறை முன்னைவிட முக்கியத்துவம் பெற்றுள்ளது.

பதற்றத்தின் இயல்பு

அச்சம் மனத்தில் மட்டும் நிகழ்வது அன்று. ஆபத்து நெருங்குவதாக மூளை கணித்தவுடன் பரிவு நரம்பு மண்டலம் தூண்டப்படுகிறது. அண்ணீரகச் சுரப்பியிலிருந்து அட்ரினலின் வெளியாகிறது. இதயத் துடிப்பும் குருதி அழுத்தமும் உயர்கின்றன. தோலை ஒட்டிய குருதிக்குழல்கள் சுருங்குகின்றன. கை கால் சில்லிட்டுப் போவதும், செவிலியருக்கு நரம்பு கிடைக்காமல் இரண்டு மூன்று இடங்களில் ஊசி குத்த நேர்வதும் இதனாலேயே. முதற் குத்துத் தவறினால் அச்சம் கூடுகிறது, அச்சம் கூடினால் அடுத்த குத்தும் தவறும் வாய்ப்புக் கூடுகிறது. பொறியியலில் நேர்ப் பின்னூட்டம் என்று சொல்லப்படுவது இங்கே ஓர் உயிருள்ள உடலில் நிகழ்கிறது.

சிலருக்கு இதற்கு நேர்மாறான விளைவும் உண்டு. குருதியையோ ஊசியையோ கண்டவுடன் முதலில் ஏறிய குருதி அழுத்தம் சட்டென்று இறங்கி மயங்கி விழுவர். இவர்களைத் தளர்வாக இருக்கச் சொல்வது பயன் தராது. சுவீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ்-யோரன் ஓஸ்ட் 1980களில் உருவாக்கிய பயிற்சியில் கை, கால், வயிற்றுத் தசைகளைச் சில நொடிகள் இறுக்கிப் பிடித்து விடுமாறு இவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. இதனால் குருதி அழுத்தம் இறங்காமல் காக்கப்படுகிறது. எல்லா அச்சத்துக்கும் ஒரே மருந்து இல்லை என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பதற்றம் வலியையும் மிகைப்படுத்துகிறது. 1965 இல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் ஆகிய இருவரும் முன்வைத்த வாயிற் கட்டுப்பாட்டுக் கோட்பாட்டின்படி, உடலிலிருந்து வரும் வலிக் குறிப்புகள் தண்டுவடத்திலேயே கூட்டவோ குறைக்கவோ படுகின்றன. மூளையிலிருந்து இறங்கிவரும் குறிப்புகளும் இவ்வாயிலை ஆள்கின்றன. கோட்பாட்டின் நுணுக்கங்கள் பின்னர்த் திருத்தப்பட்ட போதிலும், கவனமும் எதிர்பார்ப்பும் வலியின் அளவை மாற்றும் என்னும் அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது.

பதற்றத்தை அளக்க 1970 இல் சார்லஸ் ஸ்பீல்பெர்கரும் உடன் பணியாற்றியோரும் வெளியிட்ட வினாநிரல் பரவலாகப் பயன்படுகிறது. அதன் நிலைப் பகுதியில் 20 வினாக்கள் உள்ளன. மதிப்பெண் 20 முதல் 80 வரை அமையும். தமிழ் நோயாளிகள் பலர் "பதற்றமாக உள்ளது" என்று சொல்வதில்லை. "நெஞ்சு படபடக்கிறது", "தலை சுற்றுகிறது", "கையெல்லாம் வேர்க்கிறது" என்று உடலின் மொழியிலேயே சொல்வர். வினாநிரலை அப்படியே மொழிபெயர்த்து நீட்டினால் விடை சரியாகக் கிடைக்காது.

பண்டைக் குறிப்புகள்

நோயாளியின் மன அமைதியும் மருத்துவத்தின் ஒரு பகுதி என்ற எண்ணம் இந்தியாவில் பழைமையானது. சரக சங்கிதையில் மருத்துவமனை அமைப்பதற்குரிய ஏற்பாடுகளைச் சொல்லும் பகுதி, மருந்து, கலம், பணியாளர் ஆகியவற்றோடு பாடல், இசைக்கருவி, கதை சொல்லல் ஆகியவற்றில் தேர்ந்தோரையும் வைத்துக்கொள்ளுமாறு கூறுகிறது. அறுவை மருத்துவத்தைப் பேசும் சுசுருத சங்கிதை, புண்பட்டுக் கிடப்பவரின் அருகே நண்பர்கள் அமர்ந்து இனிய பேச்சினால் வலியை மறக்கச் செய்யவேண்டும் என்கிறது. இன்று கவனத் திருப்பம் என்றும் சமூக ஆதரவு என்றும் ஆய்வேடுகளில் எழுதப்படுவது இதைத்தான்.

தமிழகத்தில் மருத்துவமனை பற்றிய விரிவான கல்வெட்டுச் சான்று சோழர் காலத்தது. கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்டு 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு ஒன்று, காஞ்சிபுரம் மாவட்டம் திருமுக்கூடலில் உள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் உள்ளது. அங்கிருந்த வேதக் கல்லூரியின் மாணவர்களுக்கும் கோயிற் பணியாளர்களுக்கும் உரிய ஆதுலர்சாலை ஒன்றை அது குறிப்பிடுகிறது. வீரசோழன் எனப் பெயரிடப்பட்ட அம்மருத்துவமனையில் 15 படுக்கைகள் இருந்தன. பொது மருத்துவர் ஒருவர், சல்லியக்கிரியை செய்யும் அறுவை மருத்துவர் ஒருவர், மூலிகை கொணர்ந்து மருந்து செய்வோர், நோயாளரைப் பேணும் பெண்கள் இருவர், நாவிதர், தண்ணீர் கொண்டுவருபவர் ஆகியோருக்குரிய ஊதியம் நெல்லாகவும் காசாகவும் வகுக்கப்பட்டது. இரவில் எரியும் விளக்குக்கும் எண்ணெய் ஒதுக்கப்பட்டது.

இக்கல்வெட்டு ஒரு வரவுசெலவுக் கணக்கு. நோயாளியின் அச்சத்தைப் பற்றி அது எதுவும் பேசவில்லை. ஆகவே சோழர் காலத்திலேயே உளவியல் மருத்துவம் இருந்தது என்று இதைக்கொண்டு பெருமை பேசுவது பொருந்தாது. எனினும் 15 படுக்கைகளுக்கு இரண்டு பேணுநர் என்ற விகிதம் கவனிக்கத்தக்கது. அருகில் ஒருவர் இருத்தல், இருளில் ஒரு விளக்கு இருத்தல் ஆகிய இரண்டும் செலவுக் கணக்கில் இடம்பெற்றிருந்தன.

ஹூக்ளியில் எஸ்டெயில்

மருந்தில்லாமல் பேரறுவைகளைச் செய்த நிகழ்வுகளில் உலகப் புகழ்பெற்றது வங்காளத்தில் நடந்தது. ஸ்காட்லாந்தில் 1808 இல் பிறந்த ஜேம்ஸ் எஸ்டெயில், கிழக்கிந்தியக் கும்பினியின் மருத்துவராகக் கல்கத்தாவுக்கு வடக்கேயுள்ள ஹூக்ளியில் பணியாற்றினார். 1845 ஏப்ரல் 4 அன்று, விரைப்பையில் நீர் கோத்து வலியால் துடித்த சிறைக் கைதி ஒருவர் மீது, தாம் நூல்களில் மட்டுமே படித்திருந்த மெஸ்மரிய முறையை முயன்று பார்த்தார். உடலைத் தொட்டும் தொடாமலும் கைகளை மேலிருந்து கீழாக நெடுநேரம் அசைக்கும் முறை அது. கைதி ஆழ்ந்த உறக்கம் போன்ற நிலையை அடைந்தார். வலிக்கு அவர் அசையவில்லை.

அக்காலத்தில் ஈதரோ குளோரோஃபார்மோ அறுவைக்குப் பயன்படத் தொடங்கவில்லை. நோயாளியைப் பலர் பிடித்துக்கொள்ள, மருத்துவர் எவ்வளவு விரைவாக வெட்டுகிறாரோ அவ்வளவு நல்லது என்ற நிலையே எங்கும் நிலவியது. யானைக்கால் நோயால் விரைப்பையில் வளர்ந்த பெருங்கட்டிகளுடன் வாழ்ந்த பலர், கத்திக்கு அஞ்சியே மருத்துவரை அணுகாமல் இருந்தனர். எஸ்டெயிலின் மருத்துவமனையில் வலியில்லை என்ற செய்தி பரவியதும் இவர்கள் திரண்டு வந்தனர். சில மாதங்களுக்குள் எழுபதுக்கும் மேற்பட்ட அறுவைகளை இம்முறையில் செய்ததாக அவர் அறிவித்தார். இத்தகைய கட்டி அறுவைகளில் இறப்பு வீதம் மிகவும் குறைந்ததாகவும் எழுதினார். 1846 இல் அரசு அமைத்த குழு ஒன்று அவருடைய அறுவைகளை நேரில் கண்டு அறிக்கை அளித்தது. அதன் விளைவாக அவ்வாண்டு நவம்பரில் கல்கத்தாவில் ஒரு மெஸ்மரிய மருத்துவமனை ஓராண்டுச் சோதனையாகத் திறக்கப்பட்டது.

கைகளை அசைக்கும் வேலையை எஸ்டெயில் விரைவிலேயே உள்ளூர் உதவியாளர்களிடம் ஒப்படைத்தார். இந்துக்களும் முசுலிம்களுமான அவ்விளைஞர்கள் இருட்டறையில் நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து மணிக்கணக்கில், சில வேளைகளில் நாள்கணக்கில், இதைச் செய்தனர். வங்காளத்தில் மந்திரித்து ஊதும் வழக்கத்துக்கும் தம் முறைக்கும் உள்ள ஒற்றுமையை எஸ்டெயிலே கண்டு எழுதியுள்ளார். வேப்பிலையால் தடவி மந்திரிப்பதைப் பார்த்து வளர்ந்த தமிழ் வாசகருக்கும் இது வியப்பளிக்காது. நோயாளி அறிந்த ஒரு வடிவத்தில் அமைதி வந்தபோது அதை அவர் ஏற்றுக்கொண்டார் என்று கருத இடமுண்டு.

இக்கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. முதல் நோயாளி ஒரு கைதி, மருத்துவர் ஆட்சியாளரின் ஊழியர். மறுக்கும் உரிமை கைதிக்கு எவ்வளவு இருந்தது என்ற வினா எழாமல் இல்லை. அசையாமல் கிடந்தோர் உண்மையில் வலியை உணரவில்லையா, அடக்கிக்கொண்டனரா என்ற ஐயத்தை அக்காலக் கல்கத்தா மருத்துவர்கள் சிலரே எழுப்பினர். 1846 அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டனில் ஈதர் மயக்கம் வெளிப்படையாகச் செய்து காட்டப்பட்டதும், அடுத்த ஆண்டு குளோரோஃபார்ம் வந்ததும் இவ்விவாதத்தை முடித்துவைத்தன. மணிக்கணக்கில் கையசைப்பதைவிடச் சில நிமிடங்களில் மயக்கும் ஆவி எளிதாயிற்று. எஸ்டெயில் 1851 இல் இந்தியாவை விட்டுச் சென்று 1859 இல் காலமானார். மெஸ்மரியத்தின் பின்னிருந்ததாகச் சொல்லப்பட்ட உடற்காந்தம் என்ற கருத்து கைவிடப்பட்டது. அதிலிருந்து பிரிந்த அறிதுயில் என்ற கருத்தை ஜேம்ஸ் பிரெய்டு 1840களில் வகுத்தார். இன்றைய ஆய்வுகள் அவ்வழியில் வந்தவை.

அறுவைக்கு முந்தைய உரையாடல்

இருபதாம் நூற்றாண்டில் இத்துறைக்கு அறிவியல் அடித்தளமிட்ட ஆய்வு 1964 இல் வெளியானது. ஐக்கிய அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த உணர்வகற்றியல் மருத்துவர் லாரன்ஸ் எக்பர்ட்டும் அவர் குழுவினரும் வயிற்று அறுவைக்கு வந்த 97 நோயாளிகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு. மற்றவருக்கு, அறுவைக்குப் பின் எங்கே வலிக்கும், எவ்வளவு வலிக்கும், எத்தனை நாள் இருக்கும், தசை இறுகுவதால் வலி கூடுவது எப்படி, மூச்சை எப்படி விடுவது, படுக்கையில் எப்படித் திரும்புவது என்றெல்லாம் முன்னரே விளக்கப்பட்டது. யார் எந்தப் பிரிவினர் என்பது அறுவை மருத்துவர்களுக்குத் தெரியாது. விளக்கம் பெற்றவர்களுக்குத் தேவைப்பட்ட வலிநீக்கியின் அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அவர்கள் சராசரியாக 2.7 நாள் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பப்பட்டனர்.

"வலிக்காது" என்று இங்கே யாரும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். வலிக்கும் என்று சொன்னார்கள், கூடவே அதற்கு என்ன செய்யலாம் என்றும் கற்பித்தார்கள்.

எல்லோருக்கும் எல்லா விவரமும் வேண்டும் என்பதும் இல்லை. 1980களில் சூசன் மில்லர் என்ற உளவியலாளர் நடத்திய ஆய்வுகள், முழு விவரத்தையும் அறிந்தால் அமைதியடைவோர், விவரம் கூடக்கூடக் கலங்குவோர் என இருவகையினர் உண்டு என்று காட்டின. தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் இதற்கு முன்பாகவே தீர்க்கவேண்டிய ஒரு சிக்கல் உள்ளது. முதியவர் ஒருவருக்கு அறுவை என்றால் மருத்துவர் பெரும்பாலும் மகனிடமோ மருமகனிடமோ பேசுகிறார். "அப்பாவிடம் சொல்லவேண்டாம், பயந்துவிடுவார்" என்பது குடும்பத்தின் வேண்டுகோள். மறைக்கப்படுவதை முகக்குறிப்பிலேயே அறிந்துகொள்ளும் முதியவர், கேட்க ஆளின்றித் தாமே கற்பனை செய்துகொள்கிறார். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று நோயாளியிடமே ஒரு முறை கேட்பது இதற்கு எளிய தீர்வு.

சொற்களின் பங்கு

கதிரியல் மருத்துவர் எல்விரா லாங் தலைமையில் நடந்து 2000 ஆம் ஆண்டில் லான்செட் இதழில் வெளியான ஆய்வு பரவலாக மேற்கோள் காட்டப்படுவது. குருதிக்குழலுக்குள்ளும் சிறுநீரகத்துக்குள்ளும் குழல் செலுத்தும் செயல்முறைகளுக்கு உட்பட்ட 241 பேர் இதில் பங்கேற்றனர். அனைவரும் விழித்திருந்தனர். வேண்டும்போது தாமே பொத்தானை அழுத்தி மருந்து பெற்றுக்கொள்ளலாம். ஒரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு, இரண்டாம் பிரிவினருக்கு அருகிலிருந்து முறைப்படி கவனம் செலுத்தும் ஒருவர், மூன்றாம் பிரிவினருக்கு அத்துடன் தற்செய் அறிதுயில் வழிகாட்டல். செயல்முறைக்கு ஆன நேரம் முறையே 78, 67, 61 நிமிடங்கள். மருந்துத் தேவை பின்னிரு பிரிவினருக்கும் பாதிக்கும் குறைவு. குருதி அழுத்தமும் துடிப்பும் நிலைகுலைந்தவர்கள் முதற் பிரிவில் 12 பேர், இரண்டாவதில் 10 பேர், மூன்றாவதில் ஒரே ஒருவர்.

அதே குழுவினர் 2005 இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, அறுவை அறையில் பேசப்பட்ட சொற்களை ஒளிப்பதிவிலிருந்து ஆராய்ந்தது. "இப்போது குத்தும்", "எரியும்", "கொஞ்சம் வலிக்கும்" என்று எச்சரிப்பதும், குத்திய பின் அனுதாபம் தெரிவிப்பதும் வலியையும் பதற்றத்தையும் குறைக்கவில்லை, கூட்டவே செய்தன. எக்பர்ட்டின் முடிவுக்கு இது முரணாகத் தோன்றலாம். முரண் இல்லை. முதல் நாள் அமர்ந்து, வலியைப் பற்றியும் அதைச் சமாளிக்கும் வழியைப் பற்றியும் விளக்குவது வேறு. ஊசி தோலைத் தொடும் நொடியில் வழி எதுவும் சொல்லாமல் வலி என்ற சொல்லை மட்டும் நினைவூட்டுவது வேறு.

2008 இல் வெளியான மூன்றாவது ஆய்வு இன்னும் எதிர்பாராதது. கட்டிகளுக்குக் குழல்வழிச் சிகிச்சை பெற்ற 201 பேரில், அறிதுயில் இன்றி வெறும் பரிவுடன் அருகிலிருந்து பேசப்பட்ட பிரிவில்தான் பாதகமான நிகழ்வுகள் மிகுதியாக இருந்தன. அப்பிரிவில் 48 விழுக்காடு, வழக்கமான கவனிப்பில் 26, அறிதுயிலில் 12. ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. இடைவிடாமல் ஒருவர் நம்மிடம் அன்பாகப் பேசிக்கொண்டே இருப்பது, நம் மனம் தானே அமைதி தேடும் வழியை மறித்துவிடக்கூடும் என்பது ஒரு விளக்கம். நல்ல மனம் இருந்தால் போதும் என்று எண்ணும் தன்னார்வலர்களும் உறவினர்களும் அறியவேண்டிய முடிவு இது.

விழித்திருக்கும் நோயாளி: கண்புரை அறுவை

தமிழ்நாட்டில் மிகப் பெரும் எண்ணிக்கையில் விழித்த நிலையில் நடைபெறும் அறுவை கண்புரை அறுவையாகும். கண்ணைச் சுற்றி மட்டும் உணர்வு நீக்கப்படுகிறது. முகம் துணியால் மூடப்படுகிறது. நோயாளிக்கு வெளிச்சமும் நிழலசைவும் தெரியும், பேச்சொலியும் கருவிகளின் ஒலியும் கேட்கும். ஆனால் அசையக்கூடாது, இருமினால் முன்னரே சொல்லவேண்டும். கத்தி கண்ணில் படப்போகிறது என்று அறிந்தே ஒருவர் அப்படிக் கிடக்கவேண்டும். குருதி அழுத்தம் மிகவும் உயர்ந்தால் அறுவை தள்ளிவைக்கப்படும். வேலையை விட்டுக் கூட வந்தவர் மீண்டும் ஒரு நாள் வரவேண்டும். அல்லது முதியவர் மீண்டும் வராமலே போய்விடுவார்.

அச்சம் இங்கே பார்வையிழப்புக்கே காரணமாகிறது. தமிழக ஊர்ப்புறங்களில் நடத்தப்பட்டு 1999 இல் வெளியான ஆய்வொன்றில், கண் சிகிச்சையை நாடாமைக்கு மக்கள் கூறிய தடைகளுள் செலவு, குடும்பப் பொறுப்பு ஆகியவற்றோடு கண் கெட்டுவிடும் என்ற அச்சமும் இடம்பெற்றது.

மதுரையில் 1976 இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பெருந்தொகையானோருக்கு விரைவாக அறுவை செய்யும் முறைக்காக உலகெங்கும் பேசப்படுகிறது. விரைவைப் பற்றியே பலரும் எழுதுகின்றனர். அங்கே மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையில் ஊர்ப்புறங்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டுப் பயிற்சி பெற்ற இளம்பெண்கள் இருப்பதைக் குறைவாகவே எழுதுகின்றனர். நோயாளி ஆலோசகர் என்ற தனிப் பணியும் அங்கு உண்டு. கண்ணின் மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு, புரை என்பது என்ன, எங்கே வில்லை வைக்கப்படும், எவ்வளவு நேரம் ஆகும், மறுநாள் என்ன தெரியும் என்பதை நோயாளியின் வட்டார வழக்கிலேயே அவர்கள் விளக்குகின்றனர். "பாட்டி" என்றழைத்துப் பேசும் ஒரு பெண்ணிடம், வெள்ளை மேலங்கி அணிந்த மருத்துவரிடம் கேட்கத் தயங்கும் வினாக்களை ஒரு கிராமத்து மூதாட்டி கேட்டுவிடுவார்.

கண்புரை அறுவையின்போது கையைப் பற்றியிருப்பதன் விளைவு தென் கொரியாவில் அளக்கப்பட்டது. 2001 இல் வெளியான அவ்வாய்வில், கை பற்றப்பட்டவர்களின் பதற்றமும் குருதியிலிருந்த அட்ரினலின் அளவும் குறைவாக இருந்தன. அதே ஆண்டில் அமெரிக்காவில் 40 முதியவரிடம் நடந்த ஆய்வில், தாமே தேர்ந்த இசையைக் கேட்டவர்களின் குருதி அழுத்தம் சில நிமிடங்களில் இயல்புநிலைக்கு இறங்கியது. கேளாதவர்களுக்கு அறுவை முழுவதும் உயர்ந்தே இருந்தது.

இசை

இசையைப் பற்றிய ஆய்வுகள் எண்ணிக்கையில் மிகுதி. அறுவைக்கு முந்தைய பதற்றம் குறித்து 2013 இல் வெளியான காக்ரேன் மீளாய்வு 26 ஆய்வுகளையும் 2051 பேரையும் உள்ளடக்கியது. ஸ்பீல்பெர்கர் அளவையில் இசை கேட்டவர்களின் பதற்றம் சராசரியாக 5.72 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. சிறிய அளவே, ஆயினும் செலவும் தீங்கும் ஏறத்தாழ இல்லாதது. குறிப்பிட்ட இராகம் குறிப்பிட்ட நோயைத் தீர்க்கும் என்று தமிழ் இதழ்களில் அடிக்கடி வெளியாகும் பட்டியல்களுக்கு இத்தகைய சான்று இல்லை. தியாகராசர் கீர்த்தனையானாலும் இளையராஜா பாடலானாலும் நாட்டுப்புறப் பாட்டானாலும் கேட்பவர் விரும்பியதாக இருப்பதே நடைமுறைக்கு ஏற்றது. மருத்துவமனை ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் ஒரே பாட்டைப் போடுவது இதில் சேராது.

பேறுகாலத் துணை

மகப்பேற்று அறையில் தாய்க்குத் துணையாக ஒருவர் உடனிருப்பதன் பயன் 1980 இல் குவாத்தமாலாவில் நடந்த ஆய்வு ஒன்றின் வழியே மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது. 2017 இல் வெளியான காக்ரேன் மீளாய்வு 15,858 பெண்களின் தரவுகளை ஆராய்ந்தது. தொடர்ந்து துணை பெற்றவர்களுக்கு இயல்பான மகப்பேறு கூடியது, அறுவை மகப்பேறும் வலிமருந்துத் தேவையும் குறைந்தன, மகப்பேற்று வலி நேரமும் சற்றுக் குறைந்தது. உலக நலவாழ்வு அமைப்பு 2018 இல் வெளியிட்ட வழிகாட்டலில், தாய் தானே தேர்ந்த ஒருவர் உடனிருக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது.

தமிழ்நாடு இதில் முன்னோடி மாநிலங்களுள் ஒன்று. 2000களிலேயே அரசு மருத்துவ நிலையங்களில் பேறுகாலத் துணைத் திட்டத்தை அது தொடங்கியது. இந்திய நலவாழ்வு அமைச்சகம் 2016 இல் நாடு முழுவதும் அரசு மருத்துவ நிலையங்களில் இதை அனுமதித்தது. துணையாக வருபவர் மகப்பேற்றை அறிந்த பெண்ணாக இருக்கவேண்டும், தொற்றுநோய் இருத்தல் கூடாது, தூய உடை அணியவேண்டும், முழு நேரமும் தாயுடன் இருக்கவேண்டும், மருத்துவப் பணியில் தலையிடக்கூடாது என்பன அதன் நெறிகள்.

வீட்டில் மகப்பேறு நடந்த காலத்தில் தாயும் அத்தையும் அக்கம்பக்கத்துப் பெண்களும் மருத்துவச்சியோடு சூழ்ந்திருந்தனர். மகப்பேறு மருத்துவமனைக்கு மாறியதால் தாய்மாரும் சேய்களும் பிழைத்தனர். ஆனால் அந்தச் சுற்றம் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டது. தெரியாத முகங்களுக்கு நடுவே, கத்தினால் அதட்டப்படும் அச்சத்தோடு முதல் மகப்பேற்றை எதிர்கொண்ட பெண்கள் பலர். பல படுக்கைகள் தடுப்பின்றி ஒரே அறையில் இருக்கும்போது மற்ற தாய்மாரின் மறைவைக் காக்கவேண்டும் என்பதே துணையை மறுக்கப் பணியாளர்கள் கூறும் காரணம். அது பொய்யான காரணம் அன்று. இடையில் ஒரு திரைச்சீலை இருந்தால் தீரக்கூடியது.

குழந்தைகளும் ஊசியும்

தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். கிராம சுகாதாரச் செவிலியரிடம் வரும் குழந்தைகளுள் விவரம் அறிந்தவை பல, அச்சத்தை வீட்டிலிருந்தே சுமந்து வருகின்றன. "சாப்பிடாவிட்டால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்பது தமிழ் வீடுகளில் பூச்சாண்டிக்கு அடுத்தபடியாக வழங்கும் மிரட்டல். பிறகு ஊசி போடும் அன்று "எறும்பு கடிப்பது போலத்தான் இருக்கும்" என்று சொன்னால் குழந்தை எதை நம்பும்?

உலக நலவாழ்வு அமைப்பு 2015 இல் தடுப்பூசி வலியைக் குறைப்பது பற்றிய நிலைப்பாட்டை வெளியிட்டது. கைக்குழந்தையைத் தாய் அணைத்தபடி வைத்திருத்தல், இயலுமானால் ஊசி போடும்போதே பாலூட்டுதல், பெரிய குழந்தையை உட்கார்ந்த நிலையில் வைத்தல், ஒரே வருகையில் பல ஊசிகள் இருந்தால் மிகவும் வலிக்கும் ஊசியைக் கடைசியில் போடுதல் ஆகியவை அதில் உள்ளன. ஊசியைக் குத்தியபின் குருதி வருகிறதா என்று பின்னிழுத்துப் பார்க்கும் பழைய வழக்கமும் வலியைக் கூட்டுவதால் வேண்டாம் என்றது. பேச்சைப் பற்றியும் அது கூறுகிறது: பொய் சொல்லக்கூடாது, அச்சமூட்டும் சொல்லும் கூடாது, "இதோ போடுகிறேன்" என்பது போன்ற நடுநிலைச் சொல் போதும்.

மயக்க மருந்து கொடுக்கும் நேரத்தில் பெற்றோர் அறைக்குள் இருந்தால் குழந்தை அமைதியாகும் என்பது பொதுவான நம்பிக்கை. இதுபற்றிய ஆய்வுகளை 2015 இல் தொகுத்த காக்ரேன் மீளாய்வு, பெற்றோர் இருப்பதால் மட்டும் குழந்தையின் பதற்றம் குறைவதாகக் காணவில்லை. கோமாளி வேடமிட்ட மருத்துவர், கையடக்க விளையாட்டுக் கருவி, அசைபடம் போன்றவை நம்பிக்கையளித்தன. கலங்கிய தாயின் முகம் குழந்தைக்கு ஆறுதல் தராது என்பது ஒருவேளை காரணமாகலாம். தாயை வெளியே அனுப்பிவிடலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. தாய்க்கும் என்ன செய்யவேண்டும் என்று சொல்லித்தர வேண்டும்.

காந்த ஒத்ததிர்வு ஸ்கேன் எடுக்கும் குறுகிய குழாயினுள் பேரொலிக்கு நடுவே அசையாமல் கிடப்பது பெரியவர்களுக்கே கடினம். காதடைப்பு, கையில் அழைப்புப் பொத்தான், எவ்வளவு நேரம் மீதமுள்ளது என்று இடையிடையே அறிவித்தல், வெளியே பார்க்க உதவும் கண்ணாடி ஆகியவை உதவுகின்றன. குழந்தைகளுக்குப் போலிக் கருவியில் ஒத்திகை பார்க்கும் முறை பல நாடுகளில் மயக்க மருந்தின் தேவையைக் குறைத்துள்ளது.

விமர்சனங்கள்

இத்துறை ஆய்வுகளில் ஒரு நீங்காக் குறை உண்டு. மருந்துக்குப் பதில் சர்க்கரை மாத்திரை கொடுத்து நோயாளியை அறியாதவராக வைக்கலாம். கையைப் பிடித்ததையோ பாட்டுக் கேட்டதையோ அவரிடமிருந்து மறைக்க முடியாது. பல ஆய்வுகள் சில பத்துப் பேரை மட்டுமே கொண்டவை. நல்ல முடிவுகளே அச்சேறும் போக்கும் உள்ளது. ஆகவே விளைவின் அளவை எச்சரிக்கையுடனே கொள்ளவேண்டும்.

இதைவிடக் கடுமையான கண்டனம், மருந்தில்லா முறை என்பது மருந்து கொடுக்காமல் இருப்பதற்குச் சாக்காகிவிடும் என்பது. வலி உறுதியாக உண்டாகும் ஒரு செயல்முறையில் உள்ளூர் உணர்வகற்றியைத் தராமல் "மூச்சை இழுத்து விடம்மா" என்று சொல்வது தணிப்பு ஆகாது. குறிப்பாக ஏழைகளும் பெண்களும் வலியைப் பொறுத்துக்கொள்ளவேண்டும் என்ற எதிர்பார்ப்பு நிலவும் இடங்களில் இந்த ஆபத்து மிகுதி. லாங்கின் ஆய்வில் மருந்துக்கான பொத்தான் எல்லா நோயாளிகளின் கையிலும் இருந்தது என்பதை மறக்கக்கூடாது.

செலவில்லாத முறைகள் என்று இவை புகழப்படுவதும் முழு உண்மையன்று. ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேச ஓர் ஆள் வேண்டும். அரசு மருத்துவமனைப் புறநோயாளர் பிரிவின் வரிசையில் அந்த ஐந்து நிமிடத்தின் விலை என்ன என்பதை அங்கு காத்திருந்தவர் அறிவர். கங்கைகொண்ட சோழபுரம் அமைந்துள்ள அரியலூர் மாவட்டத்தில் 2022 சனவரியில்தான் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் உயர் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்கள் தஞ்சாவூருக்கோ திருச்சிராப்பள்ளிக்கோ பேருந்தேற வேண்டியிருந்தது. புதிய ஊர், புதிய கட்டடம், எந்த வாயிலில் நுழைவது என்று தெரியாத திகைப்பு ஆகியவற்றோடு அறுவை அறைக்கு வந்து சேர்பவரின் குருதி அழுத்தம், முந்தைய நாள் ஊரில் அளந்ததைவிட உயர்ந்திருப்பதில் வியப்பில்லை. அதனால் செயல்முறை தள்ளிப்போகும்போது ஆகும் இரண்டாம் பயணத்தின் செலவு மருத்துவமனைக் கணக்கில் வருவதில்லை. அது நோயாளியின் வீட்டுக் கணக்கில் சேர்கிறது.